என் பாட்னர் மற்றக் கட்சி

எனக்கு அமெரிக்காவில் வாக்கு இல்லை. சொந்தக்காரர்கூட அங்கே அதிகம் இல்லை. ஒரு மச்சாள் இருக்கிறாள், அவளும் நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. ரொறன்ரோவிலிருந்து கடைசியாக எல்லை தாண்டிப் போனது மலிவாகப் பெற்றோல் அடிப்பதற்கு. ஆனாலும் அந்த நாட்டின் பாரம் முழுவதும் என் தோளில்தான் இருக்கிறது என்ற நினைப்போடுதான் நான் தினமும் காலையில் எழும்புகிறேன். அங்கே மனிதரைவிட மாடு கூடுதலாக உள்ள ஒரு மாநிலத்தின் செனட்டர் எந்தச் சட்டத்துக்கு எப்படிக் கை உயர்த்துவார் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். எங்கள் தொகுதி எம்.பி. யார் என்று என் மனைவி ஒருநாள் விருந்தினருக்கு முன்னால் கேட்டாள். எனக்கு உடனே தண்ணீர் விடாய்த்துவிட்டது. எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன்.

அங்கே இரண்டு பெரிய கட்சிகள். ஒன்றுக்குச் சின்னம் கழுதை, மற்றதற்கு யானை. நான் கழுதை. இதைச் சொன்னபோது இதுவரை ஒருவரும் ஆச்சரியப்பட்டதில்லை. என் பாட்னர் யானை.

பாட்னர் என்றால் கடதாசி விளையாட்டில், அதாவது சீட்டாட்டத்தில், பாட்னர். முந்நூற்றிநாலு தெரியாத துர்ப்பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன்: நான்கு பேர் விளையாடுவது, மொத்தப் புள்ளி முந்நூற்றிநாலு. எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு பக்கம். முதலில் ஆளுக்கு நான்கு கடதாசிதான் போடுவார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு, நாங்கள் இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். மிச்ச நான்கும் பிறகுதான் வரும். அதாவது பாதியைப் பார்த்துவிட்டு முழுவதையும் பற்றி அடித்துச் சொல்ல வேண்டும். அரசியல் கதைப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு விதி: விளையாடும்போது பாட்னரோடு பேசக்கூடாது. இருமக்கூடாது, புருவம் உயர்த்தக்கூடாது. அவர் மேசையில் போடுகிற கடதாசியைப் பார்த்து அவர் மனதை அறிய வேண்டும்.

இந்த ஒரு காரியத்தில் நாங்கள் கெட்டிக்காரர். முப்பது வருடத்துக்கு மேலாக, மில்லிக்கனில் ஒரு நண்பரின் பேஸ்மென்றில், வெள்ளிக்கிழமை தோறும் நாங்கள் எதிரெதிரே இருக்கிறோம். எங்களுக்கு எதிராக விளையாடுவது அந்த வீட்டுக்காரரும் அவருடைய மைத்துனரும். அவர்கள் இருவருக்கும் அமெரிக்காவைப் பற்றி ஒரு கருத்தும் கிடையாது; அதனால்தான் அந்த வீட்டில் நிம்மதி இருக்கிறது. மேலேயிருந்து மட்டன் றோல்ஸும் பிளேன் ரீயும் இறங்கி வரும். கடதாசி கலைக்கிற நேரத்தில் மட்டும் பேச அனுமதி. கலைக்கிற நேரத்தில் நானும் பாட்னரும் அமெரிக்காவைத் திருத்துவோம்.

பாட்னர் கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல பொருளைக்கூட திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தேகப்படுவார். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். பின்னால் யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமலே பேசிக்கொண்டு போகும் பழக்கம் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது. விளையாட்டிலும் அப்படியே. அவர் கையில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். நான் கையில் இல்லாததையும் சேர்த்துக் கேட்பேன். ஊர்ப் பழைய மாணவர் சங்கம் குளிர்காலத்தில் வைக்கிற கடதாசிப் போட்டியில் நாங்கள் பல முறை கடைசிச் சுற்றுவரை போயிருக்கிறோம். கோப்பை வீட்டுக்கு வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று அவர் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு.

இரண்டு பேருமே ஆங்கிலச் சனல்களை நம்புவதில்லை. அவை பக்கச்சார்பானவை. இந்த ஒரு விஷயத்தில் கழுதைக்கும் யானைக்கும் பூரண ஒற்றுமை. அதனால் நாங்கள் நடுநிலைமைக்காகத் தமிழ் இணையச் சனல்களைப் பார்க்கிறோம். எனக்கு ஒரு சனல், அவருக்கு ஒரு சனல். இரண்டிலும் ஆள் முகம் காட்டுவதில்லை. வரைபடம், சிவப்பு அம்புக்குறி, பறக்கிற விமானம், பின்னால் குரல் மட்டும். என் சனல் ஆய்வாளர் மெதுவாக, நடுநடுவே பெருமூச்சு விட்டு, செத்தவீட்டில் பேசுவதுபோலப் பேசுவார். அவருடைய சனல் ஆய்வாளர் கீச்சுக் குரலில், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்போலப் பேசுவார். ஒருவர் சொல்வதை மற்றவர் அடுத்த நாளே மறுப்பார். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சுமந்துகொண்டு வெள்ளிக்கிழமை மில்லிக்கனுக்குப் போவோம்.

இதனால் வேறு பாதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை எங்கள் நகரசபைத் தேர்தல் அன்று, வாக்களித்துவிட்டு வருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவருடைய காரில் ஒன்றாகப் புறப்பட்டோம். வாக்குச்சாவடியின் கார்த்தரிப்பிடத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பற்றி ஒரு சிறு கதை வந்தது. கதை முடிந்து இறங்கிப் போனபோது உள்ளே கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு குளிர்காலத்தில் அமெரிக்கா தூரத்து நாடொன்றில் குண்டு போட்டது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். வாசிப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தெரிவுக்கு அமெரிக்கர்கள் குறை வைத்ததில்லை. என் சனல், குண்டு விழுந்தது மாவு வைக்கிற களஞ்சியத்தில் என்றது. அவருடைய சனல், ஆயுதக் களஞ்சியத்தில் என்றது. கட்டடம் ஒன்றுதான். படமும் ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை விளையாட்டு நடுவில் நின்றிருந்தது. வீட்டுக்காரர் மேலே தேத்தண்ணி எடுக்கப் போயிருந்தார். நான் வழக்கம்போல மிதமிஞ்சிக் கேட்டுவிட்டு, பாட்னர் கை கொடுப்பார் என்ற நம்பிக்கையில் இருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். மாவுக் கதையைத் தொடங்கினேன். அவர் ஆயுதக் கதையால் அடித்தார். நான் மாவால் திருப்பி அடித்தேன். வீட்டுக்காரர் தேத்தண்ணியோடு படியிறங்கி வருகிற நேரம் பார்த்து, சுவரில் ஜக்கெற் கொழுவுகிற கொழுக்கியைக் காட்டி நான் சொன்னேன்:

"உம்மடை சனலை நம்புறதெண்டால் காணும், வரேக்கையே மூளையைக் கழட்டி அதிலை கொழுவிப்போட்டெல்லோ வரவேணும்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மைத்துனரும் சிரித்துவிட்டார். பிரச்சினை நான் சொன்னதில் இல்லை. அவர்கள் சிரித்ததில்தான்.

பாட்னர் தன் கையிலிருந்த கடதாசிகளை ஒவ்வொன்றாக மேசையில், முகம் மேலே தெரிய, அடுக்கி வைத்தார். விளையாட்டு நடுவில் அப்படிச் செய்வது கோயிலுக்குள் செருப்போடு போவதற்குச் சமம்.

"நீங்களே விளையாடுங்கோ," என்றார். "நான் இனி உங்களோடை இருக்கேல்லை."

முப்பது வருடமாக எங்களுக்குள் 'நீர்', 'காணும்' என்ற உரிமைப் பேச்சுத்தான். திடீரென்று 'நீங்கள்'. வங்கியில் கடன் மறுக்கிறவர்கள்தான் இவ்வளவு மரியாதையாகப் பேசுவார்கள். அவர் படியேறிப் போய்விட்டார். நான் மேசையில் கிடந்த அவருடைய கடதாசிகளைப் பார்த்தேன். நான் கேட்டதற்கு மேலேயே எடுத்திருக்கலாம். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் மிதமிஞ்சிக் கேட்டது சரியாக வந்திருந்தது, அதுவும் எண்ணப்படாமலே போயிற்று. நான் அன்று றோல்ஸைத் தொடாதது அதற்காகத்தான் என்று மைத்துனரிடம் சொன்னேன்.

மேலே போய்ப் பார்த்தால் அவர் என் பனிச்சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். குற்றம் சொல்ல முடியாது. இரண்டு பேருடைய மனைவிமாரும் ஒரே மலிவு விற்பனையில் ஒரே கறுப்புச் சப்பாத்து வாங்கியவர்கள். வித்தியாசம் என்னவென்றால் அவருடையது ஒரு அளவு சின்னது. அன்று நான் காருக்கு நடந்த நடையைப் பார்த்த அயலவர் யாராவது இருந்தால், அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

முதல் கிழமை நான் ரோசமாக இருந்தேன். இந்தப் பெரிய ரொறன்ரோவில் முந்நூற்றிநாலு தெரிந்தவர் வேறு இல்லையா என்றேன். என் சகலனைக் கூட்டிக்கொண்டு மில்லிக்கனுக்குப் போனேன். சகலன் நல்ல மனிதர். தன் கடதாசியை எனக்குக் காட்டி, "இது நல்லதோ?" என்று கேட்கிற அளவுக்கு நல்ல மனிதர். இரண்டாம் வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரே போன் எடுத்து, பாட்னரோடு வருவதென்றால் வரச் சொன்னார், இல்லாவிட்டால் கரம்போர்ட் விளையாடலாம் என்றார். பழைய மாணவர் சங்கப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. பாட்னர் வராவிட்டால் இந்த வருடம் போட்டி இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. கோப்பை போனால் போகட்டும், கிடைக்காமலே பழகிவிட்டது. ஆனால் காலையில் நான் கேட்கிற செய்தியை யாருக்குச் சொல்லிச் சண்டை பிடிப்பது? மனைவியோடு சண்டை பிடிக்கலாம்தான். அவள் நான் தொடங்க முன்னமே தீர்ப்பைச் சொல்லிவிடுவாள். நான் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டுப் பிழை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

போதாக்குறைக்கு எங்கள் வீட்டுப் புகை அலாரம் வேறு உயிரை எடுத்தது. பற்றறி முடிகிறபோது அது 'கீச்' என்று ஒரு சத்தம் போடும் அல்லவா, அது. கதிரையில் ஏறிப் பற்றறியை மாற்றினேன். அடுத்த நாள் காலையும் கீச். வேறு பற்றறி வாங்கி மாற்றினேன். கீச். அலாரத்தையே கழற்றிப் புதிதாகப் பூட்டினேன். கீச். மனைவி கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னாள்:

"நீங்கள் செய்தி பாக்கேக்கை மட்டும்தான் உது கத்துது. அதுக்கும் கேக்க ஏலாமல் கிடக்குப் போலை."

பிறகு அவளே, சப்பாத்தை மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள். கோபத்தைப் பிறகு பார்க்கலாம், இரவில் கால் நோகுது என்று முனகுகிறதை முதலில் நிறுத்துங்கள் என்றாள்.

பாட்னர் வீடு அஜின்கோர்ட்டில். சனிக்கிழமை காலை அவருடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டே போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "வாங்கோ" என்றார், 'உள்ளே' என்ற சொல் வரவில்லை. என் சப்பாத்தைக் கொண்டுவந்து வைத்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்று கழற்றினேன். சமாதானத்துக்கு வருகிறவன் இப்படி ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நிற்பது நல்லதல்ல என்று தோன்றியது. உள்ளே ரிவியில் அவருடைய சனல் ஓடிக்கொண்டிருந்தது. கீச்சுக்குரல் ஆய்வாளர் யானைக் கட்சியின் வெற்றியைப் பறைந்துகொண்டிருந்தார். அதற்கு நடுவில் அந்தச் சத்தம் கேட்டது.

கீச்.

எனக்குச் சொல்ல வேறு கதை இல்லாதபடியால் அதையே சொன்னேன்.

"உங்கடை அலாமுக்கும் பற்றறி முடிஞ்சுபோச்சுப் போலை."

"போன கிழமைதான் மாத்தினனான்," என்றார், வேண்டா வெறுப்பாக.

"நானும் மாத்தினனான். நிக்குதே இல்லை."

"அலாமையே மாத்திப் பாத்தனான்."

"நானும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முப்பது வருடம் எதிரெதிரே இருந்து வாய் பேசாமல் மனதை அறிந்தவர்கள் நாங்கள். அவர் உள்ளே போய் ரிவியை நிற்பாட்டினார். அமைதி. நெடுநேரம் அமைதி. திரும்ப ஓடவிட்டார். கீச். நான் ஒரு காலில் சப்பாத்தோடு வாசலில் நின்றபடியே போனை எடுத்து என் சனலைத் தட்டினேன். பெருமூச்சு ஆய்வாளர் மாவுக் களஞ்சியத்துக்காக வருந்திக்கொண்டிருந்தார். கீச்.

"உள்ளை வாரும்," என்றார் பாட்னர்.

வாரும்! எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சந்தோசத்தை வெளிக்காட்டவில்லை. துப்பறிகிற முகத்தோடு உள்ளே போனேன். இரண்டு சனலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். கேட்கக் கேட்கத் துலங்கியது. குரலை ஒன்றில் இழுத்தும் மற்றதில் சுருக்கியும் இருக்கிறது, அவ்வளவுதான். 'நேயர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள்' என்று சொல்லிவிட்டு இருவரும் ஒரே இடத்தில் எச்சில் விழுங்கினார்கள். ஒருவர் 'வரலாறு காணாத வெற்றி' என்ற இடத்தில் மற்றவர் 'வரலாறு காணாத அழிவு' என்றார். மற்றதெல்லாம் ஒன்று. பாட்னர் தரம் பார்க்கிறவர். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாகம் என்று உறுதியாகச் சொன்னார்.

நான் அவரை மூளையைக் கழற்றிக் கொழுவச் சொன்ன கொழுக்கியில் என்னுடையதும் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது, ஒரே ஆள் மீது. இப்படி ஒற்றுமையாக நாங்கள் கோபப்பட்டது ஒரு பனிப்புயலில் கார் புதைந்த நாளுக்குப் பிறகு இதுதான். என் சனல் காணொளியின் முடிவில் விளம்பரத்துக்கான தொலைபேசி எண் வரும். நான் கூப்பிட்டு, மனைவி வடை சுட்டு விற்கப் போகிறாள், விளம்பரம் போட வேண்டும் என்று சொன்னேன். (மனைவிக்கு இது இன்றுவரை தெரியாது.) போன் எடுத்தவர் வழக்கம்போல எந்த ஊர் என்று கேட்டார், நானும் கேட்டேன். தேடிப் பார்த்தால் அவருடைய சித்தப்பாவும் என் அண்ணனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். டோர்செட் பார்க்கில் இருக்கிற ஒரு மாடித் தொடரின் விலாசத்தைத் தந்து, "வாங்கோ அண்ணை, இண்டைக்கு நிக்கிறன்," என்றார்.

போகிற வழியில் பாட்னர் ஒரு மலிவுக் கடையில் காரை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பற்றறி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கப் போகிறோம், இது எதற்கு என்றேன். பேசுகிறதைப் பேசுவோம், வீடு பத்தினால் பாவமெல்லோ என்றார்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். பகலில் ஒரு களஞ்சியசாலையில் வேலை, மிச்ச நேரத்தில் உலக அரசியல். அறையின் சுவரெல்லாம் கம்பளிப் போர்வை ஆணியடித்துத் தொங்கியது, எதிரொலி கேட்காமலிருக்க. மேசையில் ஒரு மைக். கூரையில் அலாரம். நாங்கள் உள்ளே காலடி வைத்ததும் அது வரவேற்றது. கீச்.

பாட்னர் முன்னுரை ஒன்றும் சொல்லவில்லை. நீரும் மற்றச் சனல்காரரும் ஒரு ஆளோ என்று நேரே கேட்டுவிட்டார்.

அவர் மறைக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. கண்டுபிடித்ததற்காக எங்களைப் பாராட்டினார். முதலில் ஒரு சனல்தான் வைத்திருந்தாராம். அதில் பாதிப் பேர் கீழே வந்து தூஷணத்தால் திட்டிவிட்டுப் போவார்களாம். அந்தப் பாதிப் பேரும் மனம் நோகாமல் கேட்க ஒரு இடம் வேண்டும் என்று யோசித்துத்தான் இரண்டாவதைத் தொடங்கினாராம்.

"எல்லாரும் ஊடகம் பக்கச்சார்பு, பக்கச்சார்பு எண்டுறியள் அண்ணை," என்றார். "ரெண்டு பக்கத்தையும் குறைவில்லாமல் சொல்லுறது ரொறன்ரோவிலை நான் ஒருத்தன்தான்."

பாட்னர் கதிரை ஒன்றை இழுத்து ஏறி அலாரத்தைக் கழற்றினார். நான் கதிரையைப் பிடித்தேன். திட்ட வந்த வீட்டில் இப்படித் திருத்த வேலை செய்வது கொஞ்சம் கஷ்டம். பற்றறி மாறியதும் அறை அமைதியாகிவிட்டது. அந்தச் சத்தம் இத்தனை நாளும் தனக்குக் கேட்டதே இல்லை என்றார் அவர்.

நீர் உண்மையில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். தனக்கு அதற்கு நேரமில்லை என்றார். கிரிக்கெட் பார்ப்பாராம். பிறகு ஒரு பேனையை எடுத்துக்கொண்டு, அடுத்த காணொளிக்கு இன்னும் எழுதவில்லை, குண்டு போட்டது சரியா பிழையா, நீங்கள் சொல்லுங்கோ என்றார்.

கேட்டதுதான் தாமதம். இரண்டு பேரும் வந்த காரியத்தை மறந்துவிட்டோம். இப்படிப் பக்கம் சாராமல் எங்களிடமே கருத்துக் கேட்கிற ஒரு ஆள் அகப்படுவது எங்கள் வாழ்க்கையில் முதல்தடவை. எப்படியாவது என் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று நான் தொடங்கினேன். மாவு, அழிவு, வரலாறு. பாட்னர் இடையில் விழுந்து ஆயுதம், வெற்றி, வரலாறு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த மனிதரின் உதட்டைக் கவனித்தேன். நாங்கள் பேசப் பேச அவருடைய உதடும் அசைந்தது. அடுத்த சொல் என்னவென்று எனக்கு முன்னமே அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருக்குமா? எல்லாம் அவர் எழுதியது. பெருமூச்சுக்கூட சரியான இடத்தில் விட்டார்.

பாட்னரும் கவனித்துவிட்டார். இரண்டு பேரும் பாதி வசனத்தில் நின்றோம். சொந்தமாக ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று நான் எனக்குள்ளே தேடிக்கொண்டிருந்தேன். பாட்னர் கீழே பார்த்தபடி சொன்னார்:

"ஊரிலை கடைசிச் சண்டையிலை எங்கடை சனம் சாகேக்கை ஒருத்தனும் வரேல்லை. ஒரு பிளேன் வந்து அந்த ஆமியை ரெண்டு தட்டுத் தட்டியிருந்தா எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறனான். எனக்கு அவ்வளவுதான்."

முப்பது வருடத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. கடதாசி கலைக்கிற நேரம் இதற்குப் போதாது.

"அதுக்கு முதல் அமைதி காக்கவெண்டு உதவிக்கு வந்த ஆமியையும் கண்டனாங்கள்தானே காணும்," என்றேன். "எங்கடை வீட்டுக் கதவை உடைச்சுக்கொண்டெல்லோ உள்ளை வந்தவை. ஐயாவை முத்தத்திலை முழங்காலிலை வைச்சிருந்தவை. எனக்கும் அவ்வளவுதான்."

"ஓம்," என்றார் பாட்னர். "அதுவும் உண்மைதான்."

நானும் அவர் சொன்னதற்கு எதிராக ஒன்றும் தேடவில்லை. அந்த மனிதரின் உதடு அசையவில்லை, பேனையும் அசையவில்லை. உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"உது என்ரை ரெண்டு சனலுக்கும் சரிவராது அண்ணை."

பாட்னர்தான் முதலில் சிரித்தார். அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் கண்டதில்லை. நானும் தொடங்க, அந்த மனிதர் என்ன பகிடி என்று விளங்காமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். வடை விளம்பரத்தைக் கேட்டார்; சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றேன்.

திரும்பி வருகிறபோதும் பாட்னர்தான் கார் ஓட்டினார். எனக்கு ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது. கடைசியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"போட்டிக்கு எங்கடை பேரை வெட்டுவிச்சிட்டீரோ?"

"வெட்டச் சொல்லத்தான் போன் எடுத்தனான்," என்றார். "அந்தச் செயலாளர் மனிசன் விடாமல் கதைச்சுக்கொண்டே நிண்டுது. வைச்சிட்டன்."

"பேந்து எடுக்கேல்லையோ?"

"எனக்கு வேறை வேலை இல்லையோ காணும்?"

அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. இதையும் என் வாழ்க்கைச் சாதனைகளில் ஒன்றாக எண்ணிக்கொள்கிறேன்.

போட்டி ஒரு மண்டபத்தில் நடந்தது. நாங்கள் சண்டை பிடித்த கதை எங்களுக்கு முன்னமே அங்கே வந்து சேர்ந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே காரில் வந்து இறங்கியதைப் பார்த்துச் சிலருக்கு ஏமாற்றம். முதல் சுற்றுகளில் எதிரே வந்தவர்களை உருட்டி எடுத்தோம். வாய் திறக்காமல், இருமாமல், ஒருவர் போடுகிற கடதாசியை மற்றவர் பார்த்து. கடைசிச் சுற்று, கடைசி ஆட்டம். வென்றால் கோப்பை. மிச்சக் கடதாசியும் கைக்கு வந்த பிறகு (துணிந்தவர்கள் அப்போதும் கேட்டதை இருநூற்றைம்பதுக்கு உயர்த்தலாம்), பாட்னர் எதிரே இருந்து என்னைப் பார்க்காமல் பார்த்தார். சும்மா விடு என்ற பார்வை அது. எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியும் ஒரு நம்பிக்கை பொங்கிக்கொண்டு வந்தது. இருநூற்றைம்பது என்று கேட்டேன்.

கோப்பை மார்க்கம் நகரத்திலிருந்து வந்த இரண்டு பேருக்குப் போனது.

பாட்னர் கை குலுக்கினார், சாப்பாட்டு வரிசையில் நின்றார், இரண்டாவது தரமும் கொத்துரொட்டி போட்டார். ஜக்கெற்றை எடுத்தார். தன் சப்பாத்துத்தானா என்று உள்ளே அளவைப் பார்த்துப் போட்டார். காரில் ஏறி, பெல்ற் போட்டு, கண்ணாடியில் பனி உருகும் வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"கையிலை ஒண்டுமில்லாமல் பெரிசாக் கேட்டுப்போட்டு, மற்றவன் வந்து நிமித்துவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறது. உது உம்மடை கட்சியின்ரை குணம் காணும்."

நான் விடுவேனா? உம்முடைய கட்சியாக இருந்திருந்தால் தோற்ற பிறகும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும் என்றேன். அவர் ஸ்ரியறிங்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வரவுசெலவுத் திட்டத்திலிருந்து தொடங்கினார். நான் வெளிநாட்டுக் கொள்கைக்குப் போனேன். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். நாங்கள் இறங்க வேண்டிய இடம் எனக்குப் பக்கத்தால் போனதைப் பார்த்தேன். அவருக்குச் சொல்லவில்லை. அவர் இன்னும் முடிக்கவில்லை, எனக்கும் பதில் கனக்க இருந்தது.